குந்தறதும் கும்புடறதும்

வா ராசா, குந்து. ஸ்டூல் வேணாமா? தரையே போதுமா? அது சரி, பத்து நாள் குந்திப் பழகின இடுப்பு. பாத்துக் குந்து, இப்பதான் பூவுக்குத் தண்ணி தெளிச்சேன், தரை ஈரம். ஞானமே வந்திருந்தாலும் பேண்ட் ஈரமாச்சுன்னா ஈரம்தான்.

மொகம் தெளிவாத்தான் இருக்கு, இல்லேங்கல. திருமுடிவாக்கத்துல தம்ம சேதுன்னு அந்த விபாசனா எடத்துக்குப் போறதுக்கு முந்தி, என்கிட்ட பேசிக்கிட்டே ஒரு கண்ணை போன்ல வச்சிருப்பே. இப்ப ரெண்டு கண்ணும் என் மேலதான் இருக்கு. அந்த மட்டுக்கும் லாபம். ஆனா அந்த ரெண்டு கண்ணுலயும் கொஞ்சம் எளக்காரம் ஏறியிருக்கு பாரு, அதைப் பேசத்தான் வரச் சொன்னேன்.

நேத்து ஒன் ரூம்காரன் வந்தான், அந்த ஆம்பூர்ப் பையன். பெரிய தெரு மேன்ஷன்ல ஆள் திரும்பினா சுவரு இடிக்கிற ரூம்ல, ஜன்னல் மேடையில புத்தர் படம் வச்சு வெளக்கு ஏத்தறவன். வாரா வாரம் ரெண்டு முழம் சாமந்தி என்கிட்டதான் வாங்குவான். "தாத்தா, இனிமே பூ வேணாம், அண்ணன் திட்டறாரு"ன்னான். நீ சொன்னியாம், "புத்தரு சாமி இல்லடா, பூவும் பொகையும் மூடத்தனம், கண்ணை மூடி மூச்சைப் பாரு"ன்னு. சொன்னதோட விடாம எரியற ஊதுவத்தியை ஜன்னல் வழியா வெளிய போட்டியாம்.

ஏம்பா, என் யாவாரத்துல எதுக்குக் கை வைக்கிற? வாரத்துக்கு ரெண்டு முழம்னா வருசத்துக்கு நூத்திநாலு முழம். ஒன் ஞானத்தால நஷ்டப்பட்ட மொத ஆளு நான்தான்.

சரி, யாவாரத்தை விடு. அங்க இன்னா நடந்துச்சுன்னு நீயே சொன்னே. விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். நாளைக்குப் பத்து மணி நேரம் குந்தணும். பகல் 11 மணிக்கு சோறு, அதோட சரி, சாயங்காலம் டீயும் பழமும். யார்கிட்டயும் பேச்சு கெடையாது. எல்லாம் நல்ல ஏற்பாடு, காசு கூட கேக்கறதில்ல, மனசு இருந்தா கடைசியில குடுக்கலாம். ஆனா மொத நாளு குந்தறதுக்கு முந்தி இன்னா செஞ்சே? மூணு சரணம் சொன்னே. பஞ்சசீலம் சொன்னே. அதுவும் பாலியில. "எனக்கு இந்தப் பாடத்தைக் குடுங்க"ன்னு கேக்கறதுக்கும் ஒரு வாசகம் இருக்காம், அதையும் சொன்னே. ஒங்க குரு கோயங்கா இழுத்துப் பாடி முடிச்சதும் நீ மூணு தரம் "சாது" போட்டே. மனுசன் 2013லயே போய்ச் சேந்துட்டாரு. ரெக்கார்டுல வர்ற கொரலுக்குத்தான் நீ தலை குனிஞ்சிருக்கே. மணி அடிச்சா எந்திரிக்கிறது, கொரலு கேட்டா குனியறது, தெரியாத பாஷையில கேட்டு வாங்கறது. எங்க பக்கத்துல இதுக்குப் பேரு சடங்கு.

"வெளக்கு, ஊதுவத்தி, ஜெபமாலை, மந்திரம் எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னாங்களே தாத்தா"ங்கறே. சொன்னாங்க. அந்த விதித் தாளை நானும் படிச்சிருக்கேன், நீ மேசை மேல போட்டுட்டுப் போன தாள்லதான் ஒன் ரூம்காரன் பூவைச் சுத்தி வச்சிருந்தான். அந்தப் பத்து நாளைக்கு நிறுத்தி வைன்னு போட்டிருக்கு. மத்த வழியைப் பழிக்கறதுக்கு இல்ல, இந்த வழியைக் கலப்படம் இல்லாம சோதிச்சுப் பாக்கறதுக்குன்னு சேத்தேதான் போட்டிருக்கு. ஸ்கேன் எடுக்கறப்ப சங்கிலியைக் கழட்டச் சொல்லுவாங்க. வெளிய வந்ததும் அதைக் கொண்டுபோய் மெரினாவுல வீசுவியா?

அப்புறம் ஒரு குண்டு போட்டியே, பூ வைக்கிறது மனசைக் கட்டிப் போடற பத்துத் தளையில மூணாவது தளைன்னு. சீலப்பத பராமாசம். பேரைக் கேட்டதும் நான் ஒரு நிமிசம் ஆடித்தான் போனேன். ராத்திரி பொஸ்தகத்தைப் பொரட்டினேன். சீலப்பதம்னா சடங்கும் விரதமும், பராமாசம்னா தப்பாப் புடிச்சிக்கிட்டுத் தொங்கறது. மஜ்ஜிம நிகாயத்துல 57வது சூத்திரத்துல ஒரு கதை வருது. ஒருத்தன் நாய் விரதம். தரையில போட்டதைத்தான் தின்னுவான், நாய் மாதிரிச் சுருண்டுதான் குந்துவான். இன்னொருத்தன் மாட்டு விரதம். "இவனுக்கு அடுத்து இன்னா பொறப்பு கெடைக்கும்"னு மாட்டு விரதக்காரன் நாய் விரதக்காரனைக் காட்டிக் கேக்கறான். புத்தர் ரெண்டு தரம் வேணாம் விடுன்னு சொல்லிப் பாத்தாரு. மூணாந்தரமும் நச்சரிக்கவே, நல்லபடியா விரதம் இருந்தா நாயாப் பொறப்பான்னுட்டாரு. நாய் விரதக்காரன் அழுதுட்டான். வெறும் செய்கையே கரையேத்தும்னு தொங்கினான் பாரு, தளைன்னா அது. ரெண்டு முழம் சாமந்திக்குப் போய் நாய் விரதக் கேஸு போடறியே!

அதுவும் பட்டியலை மூணோட நிறுத்திட்டே. கீழ எறங்கிப் பாத்தியா? ஆறாவதும் ஏழாவதும் இன்னா? ஆழ்ந்த தியானத்துல எட்டற அந்த உருவ, அருவ நெலைங்க மேல வைக்கிற ஆசை. அப்புறம் எட்டாவது, மானம். நான் ஒசத்தி, நீ மட்டம்ங்கற நெனப்பு. மூணாவதைக் கழட்டிட்டேன்னு சொல்லிக்கிட்டு எட்டாவதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் பெரிய தெருவுல நடக்கறே.

கோவிச்சுக்காதே. இந்த ஊருக்கு இது புதுசு இல்ல. நாமத்துக்கு அடியில பாதம் வரணுமா வேணாமான்னு தென்கலையும் வடகலையும் கோர்ட்டுப் படி ஏறின தேசம் இது. ரெண்டு கட்சிக்கும் பூ விக்கிறவன் எந்தக் கட்சியில சேர முடியும் சொல்லு. அதுலயும் நான் பெருமாள் கோயில் வாசல்ல பூ விக்கிற புத்தன். முழிக்காதே. இத்தினி வருசத்துல யாரும் கேக்கல, நானும் சொல்லல.

எங்க பாட்டன் கோலார் தங்கவயல் ஆளு. திருப்பத்தூர்ப் பக்கத்துலேருந்து பொழைக்கப் போனவரு. மாரிக்குப்பத்துல சாக்கிய பௌத்த சங்கம் இருந்துச்சு, அதுல அவரு மெம்பரு. சங்கத்தோட தாய்வீடு எங்க தெரியுமா? இங்க நடந்து போற தூரம், ராயப்பேட்டை. அயோத்திதாசப் பண்டிதர் ஆரம்பிச்சது. 1898ல ஆல்காட் தொரையோட கொழும்புக்குப் போயி, சுமங்கல நாயக்க தேரர்கிட்ட பஞ்சசீலம் வாங்கிக்கிட்டு வந்து ஆரம்பிச்சாரு. பண்டிதர் யாரு? சித்த வைத்தியரு. மருந்தை மட்டும் குடுத்துட்டுப் பத்தியத்தைச் சொல்லாம அனுப்பற சாதி இல்ல.

பாட்டன் கதைக்கு வரேன். கூண்டுல குந்தி பூமிக்குள்ள மைல் கணக்குல எறங்கணும். இருட்டு. வெக்கை. பாறையைக் கொடையற சத்தம், வெடி. வாயைத் தொறந்தா தூசி, அதனால எல்லாரும் மௌனம். நீ திருமுடிவாக்கத்துக்கு டிக்கெட் எடுத்துப் போயி வாங்கின மௌனம், அவருக்குக் கம்பெனியே கூலி குடுத்துக் குடுத்துச்சு! எட்டு மணி நேரம் கழிச்சு மேல வந்த ஆளுகிட்டப் போயி, "ஐயா, கண்ணை மூடி இருட்டுல குந்துங்க, யார்கிட்டயும் பேசாதீங்க"ன்னு சொல்லியிருந்தா, கடப்பாரையைத் தூக்கியிருப்பாரு. அவருக்கு வேண்டியிருந்தது வெளிச்சம். நாலு பேரு. ஒரு பாட்டு. அதனால ஞாயித்துக்கெழமை சங்கத்துல வெளக்கு இருந்துச்சு, பூ இருந்துச்சு, மூணு சரணத்தைத் தமிழ் எழுத்துல எழுதி வச்சு எல்லாரும் ஒண்ணாச் சொன்னாங்க. உனக்கோ ஓஎம்ஆர்ல கண்ணாடிக் கட்டடம், நாள் பூரா வெளிச்சம், காதுல எந்நேரமும் ஒரு ஒயர். உனக்கு மௌனம் மருந்து. அவருக்கு வெளக்கு மருந்து. நோயாளி மாறினா சீட்டும் மாறும்.

இன்னொண்ணு கேளு. சுரங்கத்துல பாறை வெடிச்சு ஆளு சாவறது அங்க சகஜம். பழைய புரோகிதரு வேணாம், சாதி சொல்றவன் நம்ம வீட்டுக்கு வேணாம்னு வெளிய வந்துட்டாங்க இவங்க. நல்லது. ஆனா கொழந்தைக்குப் பேரு யாரு வைக்கிறது? கல்யாணத்துக்கு யாரு முன்ன நிக்கிறது? பொணம் வாசல்ல கெடக்கு, யாரு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றது? நாலு பேரும் கண்ணை மூடிக் குந்திட்டா யாருடா தூக்கறது? பொறப்பு, கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் பௌத்த மொறைன்னு சங்கம் ஒண்ணை ஏற்பாடு பண்ணிக் குடுத்துச்சு. பாட்டனைத் தூக்கினப்பவும் அப்படித்தான் தூக்கினாங்கன்னு பாட்டி சொல்லும். சொல்லறப்ப அது அழாது. "நம்ம ஆளுங்களே சொன்னாங்க"ங்கும். அந்த "நம்ம ஆளுங்களே"ல ஒரு கர்வம் இருக்கும்.

நீ பேசற பேச்சும் மெட்ராஸுக்குப் புதுசில்ல, நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. பண்டிதர் 1907ல "ஒரு பைசாத் தமிழன்" பத்திரிகையை ஆரம்பிச்சு, நம்ம பண்டிகையெல்லாம் பழைய பௌத்தப் பண்டிகைதான்னு வாராவாரம் எழுதறாரு. அதே 1907ல லட்சுமி நரசு "பௌத்தத்தின் சாரம்"னு இங்கிலீஷ்ல பொஸ்தகம் போடறாரு. அவரு காலேஜுல விஞ்ஞானம் நடத்தின புரொபசரு. புத்தர் சொன்னது அறிவுக்கு ஒத்தது, தெய்வம் அது இதுன்னு கொழப்பாதேன்னு அவரு வழக்கு. பின்னாடி 1948ல அந்தப் பொஸ்தகத்தோட மூணாவது பதிப்பு அம்பேத்கர் முன்னுரையோட வந்துச்சு. இவங்களோட நம்ம சிங்காரவேலரு, மீனவர் வீட்டுப் பிள்ளை. 1923ல இதே திருவல்லிக்கேணிக் கடற்கரையில மே தினம் கொண்டாடினாரே, அவரேதான். பௌத்தக் கூட்டத்துல டார்வினைப் பத்திப் பேசின ஆளு. அவரு பேசறதையும் கேக்கணும், பண்டிதர் வெளக்கையும் ஏத்தணும்னு ரெண்டு பக்கமும் போய்வந்த சனம் இருந்திருக்கும் தம்பி. சண்டையெல்லாம் மேடையில, கீழ குந்தின சனம் ரெண்டையும் மடியில கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கும்.

அம்பேத்கரையே எடு. அவரை விட அறிவு அறிவுன்னு பேசினவரு யாரு? 1950ல கொழும்புக்குப் போனப்ப, பௌத்தச் சடங்கெல்லாம் அங்க எப்படி நடக்குதுன்னு பாக்கணும்ங்கறதும் அவரு கணக்குல இருந்துச்சு. ஆறு வருசம் கழிச்சு நாக்பூர்ல லட்சக்கணக்குல சனத்தைக் கூட்டிக்கிட்டுச் சேந்தாரே, அன்னிக்கு எல்லாரையும் கண்ணை மூடிக் குந்தச் சொல்லல. வாயைத் தொறந்து 22 உறுதிமொழி சொல்ல வச்சாரு.

நீ இப்ப போதிதர்மரை இழுப்பே. தெரியும். 2011ல சூர்யா நடிச்ச படம் வந்ததுலேருந்து இந்த மேன்ஷன்ல பாதிப் பேரு போதிதர்மருக்குச் சொந்தக்காரங்க. காஞ்சீபுரத்துலேருந்து சீனாவுக்குப் போயி ஒம்போது வருசம் சுவரைப் பாத்துக் குந்தினாருன்னு கதை. சரி, குந்தினாரு. அவரு பேரைச் சொல்ற ஜென் மடங்களை ஜப்பான்ல போய்ப் பாரு. மணி ஒரு பக்கம், மத்தளம் ஒரு பக்கம், விழுந்து கும்புடறது, எந்திரிக்கிறது, மறுபடி விழறது. சோறு திங்கற கிண்ணத்துத் துணியைப் பிரிக்கறதுக்கே ஒரு மொறை, மடிக்கறதுக்கு ஒரு மொறை. சுவரைப் பாத்தவரு பேரப்புள்ளைங்க கிண்ணத்தைக் கும்புடறாங்க. ஏன்னா பத்து பேரு ஒரே கூரைக்குக் கீழ மௌனமா இருக்கணும்னா, யாரு எப்ப எந்திரிக்கிறதுன்னு மணிதான் சொல்லணும்.

இப்ப பூவுக்கு வரேன். இதுல நான்தான் எக்ஸ்பர்ட்டு, குறுக்க பேசாதே.

வைகாசி பௌர்ணமிக்குப் பாட்டி பூ வைக்கும். பறிச்ச பூவை மோந்து பாத்தா மண்டையில கொட்டும், வச்சதுக்கப்புறம்தான் வாசனைங்கும். இங்க பெருமாளுக்கு வாங்கறவங்களும் அதையேதான் சொல்றாங்க, கவனிச்சிருக்கியா? சிலோன்ல புத்தருக்குப் பூ வைக்கறவங்களும் மோந்து பாக்க மாட்டாங்க. பூ வைக்கறப்ப ஒரு பாலிப் பாட்டு சொல்லுவாங்க. எனக்கு அர்த்தம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. காரு குடு, வீடு குடு, கல்யாணம் முடிச்சுக் குடுன்னு ஒண்ணும் இல்ல அதுல. பூ வாடப் போவுது, என் ஒடம்பும் அப்படித்தான்னு போவுது. யோசி. நீ பத்து நாள் குந்தி, முட்டி வலிக்க வலிக்கப் பாத்து, "எல்லாம் மாறிக்கிட்டே இருக்கு தாத்தா"ன்னு வந்து சொன்னே. பாட்டி கையில பூவை வச்சுக்கிட்டு அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. அதுக்கு நாலு மணி மணியும் இல்ல, ரெக்கார்டும் இல்ல.

புத்தகோசர்னு ஒருத்தர், அஞ்சாம் நூத்தாண்டு. அனுராதபுரத்துல குந்தி விசுத்தி மார்க்கம்னு எழுதினாரு. தியானத்துக்குப் புடிமானமா 40 விசயம் சொல்றாரு. அதுல பத்து, நெனச்சுப் பாக்கற வகை. மொதல்ல இருக்கறது எது? புத்தரோட கொணத்தை நெனைக்கிறது. ஒம்போதாவது எது? ஒன் மூச்சு! ஒரே பந்தியில, ஒரே எலை வரிசையில குந்தியிருக்காங்க ரெண்டு பேரும். ஆம்பூர்க்காரன் மொத எலை, நீ ஒம்போதாவது எலை. ஒம்போதாவது எலைக்காரன் எந்திரிச்சு மொத எலைக்காரனைப் பந்தியை விட்டுப் போங்கறான். நல்லா இருக்குது நியாயம்.

அதுக்காக அந்தப் பையனை நான் தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஆடல. நேத்தே அவனையும் கிழிச்சுட்டேன். போன்ல பாலிப் பாட்டு பாடுது, இவன் சட்டைக்கு இஸ்திரி போடறான். பாட்டு முடிஞ்சதும் வந்து அவசரமா ஒரு கும்புடு, அப்ரைசல்ல நல்ல ரேட்டிங் வரணும்னு. புத்தர் எந்தக் கம்பெனியில எச்ஆர்? "போன் கும்புட்டுச்சு, நீ எப்ப கும்புடுவே"ன்னேன். வாயடைச்சுட்டான். நாலு நாளைக்குப் பூவை மாத்தாதேன்னு சொல்லி அனுப்பினேன். மொத நாள் மஞ்சள், மறுநாள் ஓரம் சுருங்கும், மூணாம் நாள் பழுப்பு, நாலாம் நாள் நாத்தம். தெனமும் கால் மணி நேரம் அது முன்னாடி குந்து, போனை என் கடையில வச்சுட்டுப் போன்னேன். இதுவும் எனக்கு நஷ்டம்தான். பூவை மாத்தாதேன்னு சொல்ற பூக்காரன் தெற்கு மாட வீதியிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

ஒரு தரம் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஒரு பொண்ணு வந்துச்சு. "தாத்தா, பூ கட்டறதே உங்களுக்கு தியானம்தானே"ன்னு கேட்டுச்சு. "இல்ல கண்ணு, கட்டறப்ப பூரா கோயம்பேட்டுக் கடனைத்தான் நெனைக்கிறேன்"னேன். மொகம் வாடிப்போச்சு அதுக்கு. கை தானா வேலை செய்யறதெல்லாம் தியானம்னா, கிரைண்டர்தான் ஞானம் அடைஞ்ச மொத அரகந்தர். கை செய்யறப்ப மனசு எங்க குந்தியிருக்குன்னு பாக்கணும். நாப்பது வருசமாப் பாக்கறேன், அது கடன்காரன் வாசல்லதான் குந்தியிருக்கு. பாக்கறேன்ல, அது போதும்.

ஒனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெனமும் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் குந்தச் சொல்லித்தானே அனுப்பினாங்க? எத்தினி நாள் குந்தினே? மறைக்காதே. மொத வாரம் ரெண்டு வேளை. ரெண்டாவது வாரம் ஒரு வேளை. இப்ப ஞாயித்துக்கெழமை மட்டும், அதுவும் ரூம்காரன் ஊருக்குப் போனா. எல்லாருக்கும் அப்படித்தான், வெக்கப்படாதே. மனசு குந்த மாட்டேன்னு அடம் புடிக்கிற நாள்ல கையையாவது குந்த வைக்கணும். அதுக்குத்தான் வெளக்கு. திரியைத் திரிச்சு, எண்ணெ ஊத்தி, முனையைக் கிள்ளி, காத்துல அணையாம ஏத்தறதுக்குள்ள மூணு நிமிசம் ஆயிடும். அந்த மூணு நிமிசத்துல நீ ஆபீசுக்குப் போயிட்டு வந்தியா இல்லியான்னு திரியே காட்டிக் குடுத்துடும், கோணலா எரியும். அப்புறம் குந்து. இருவது நிமிசம் போதும். பக்கத்துல அவனையும் குந்த வை. அவனுக்கு மூச்சைச் சொல்லிக் குடு. நீ அவன்கிட்ட திரி திரிக்கக் கத்துக்க, அவன் ஆம்பூர்ப் பாட்டிகிட்ட கத்துக்கிட்டவன், ஒன்னை விட நல்லாத் திரிப்பான்.

ஜன்னல் வழியா வீசின ஊதுவத்திக்கு ஒரு பாக்கெட் வாங்கிக் குடுத்துடு. பஞ்சசீலத்துல ரெண்டாவது இன்னா சொல்லுது? குடுக்காததை எடுக்காதே. அவன் ஊதுவத்தியை எடுத்து எறிய ஒனக்கு யாரு குடுத்தது?

ம், எந்திரி, இருட்டுது. ஈரம் ஒட்டியிருக்கு பாரு பின்னாடி, தட்டிக்க. நாளைக்குப் பௌர்ணமி. எழும்பூர் கென்னட் லேன் மகாபோதி விகாரைக்கு ரெண்டு பேரும் சேந்து போங்க. போறப்ப இந்தப் பக்கமா வந்து பூ வாங்கிக்கிட்டுப் போங்க. கதம்பம் முழம் அம்பது ரூபா. பௌர்ணமிக்கு வெலை ஏறும், பேரம் கெடையாது. தியானக்காரனுக்கும் கடன் கெடையாது.